மெரினாவில் காற்று வாங்கும் வழக்கம்

நாள் முழுதும் சேர்ந்த அலுப்பையும் மனச்சுமையையும் இறக்கிவைக்கச் சென்னைவாசிகள் மெரினாவுக்குக் காற்று வாங்கப் போவது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான வழக்கம். அதற்கு முன் இவ்வளவு அகலமான மணல்வெளியே அங்கே கிடையாது.

மணலைச் சேர்த்தது துறைமுகம். 1875இல் அதன் வேலை தொடங்கியது. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீண்ட கற்சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. வரத்து நின்ற வடக்கே, ராயபுரம் பக்கம், கடல் ஊரை அரித்தது. ஒரு பக்கத்தார் உலாவ இடம் கிடைத்ததற்கு மறுபக்கத்து மீனவர் குப்பங்கள் விலை கொடுத்தன. மெரினாவைப் புகழ்வோர் இதை அதிகம் சொல்வதில்லை.

ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரம் உலாச்சாலை அமைத்து, 1884இல் இத்தாலியின் சிசிலித் தீவு நினைவாக மெரினா என்று பெயரிட்டார். வண்டி வைத்திருந்தவர்களின் உலாவிடம் நாளடைவில் எல்லோருக்குமானது. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களில் காற்றுக்கு ஏங்கியவர்களுக்கு மணல்வெளியே முற்றம். 1909இல் மீன் காட்சியகம் வந்தது. ஓய்வுக்கான உரிமைக்குரலும் இங்கே ஒலித்தது: 1923 மே 1 அன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் நடத்திய மே தினக் கூட்டம், அந்நாளை விடுமுறையாக்கக் கோரியது. மெரினாவிலேயே உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது.

காற்றுக்கும் ஒரு கணக்குண்டு. பகல் வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறும்; வெப்பக்காற்று மேலெழ, கடலின் குளிர்காற்று உள்ளே வரும். ஆனி மாதம் மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக வீசினால் கடற்காற்று வரத் தாமதமாகும், நகரம் புழுங்கும். வந்துவிட்டால் அலுவலகம் விட்டவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்குவார்கள். கால் புதையும் மணலில் வேகமாக நடக்க முடியாது. மூச்சும் பேச்சும் தானாகத் தணியும். கையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் பொட்டலம். சும்மா உட்கார்ந்திருப்பவரை ஏன் என்று கேட்பவர் இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்காத சலுகை அது.

விடியற்காலையில் மருத்துவர் சொல்லி நடப்பவர்களின் கூட்டம், காணும் பொங்கலன்று ஊரே திரளும் கூட்டம். இதற்கெல்லாம் நுழைவுக் கட்டணம் கிடையாது. கடலில் இறங்கிக் குளிப்பது மட்டும் ஆபத்து. நீரின் இழுவையில் உயிரிழந்தவர்கள் பலர். கணுக்கால் நனைவதோடு நின்றுகொள்வதே நல்லது.