கைக்கு அடங்காத கருவி

மயிலாடியின் சாலையோரச் சிற்பக்கூடங்களைக் கடந்து செல்கையில் உளியோசை நம்மைத் தொடர்ந்து வரும். சற்று நின்று பார்த்தால், சுத்தியலின் எடையும் உளியின் தடிமனும் பிடிக்கும் கையைப் பொறுத்தே அமைவது புலப்படும். கைத்துப்பாக்கியின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. அங்கே கருவி முதலில் பிறந்தது. கையைப் பற்றிய நினைவு பின்னரே வந்தது.

முதல் உலகப்போரில் ஆங்கிலேயப் படையினர் ஏந்திய வெப்லி ஆறாம் மாதிரி ரிவால்வர் ஏறத்தாழ 1.1 கிலோ எடையுள்ளது. போர் முடிந்தபின் அப்படை .455 குண்டைக் கைவிட்டு .38க்கு இறங்கியது. குறைந்த பயிற்சி பெற்றவனும் அடக்கியாள வேண்டும் என்பதே காரணம். அமெரிக்கரும் தம் 1911ஆம் ஆண்டுப் பிஸ்டலை 1920களில் திருத்தினர்: விசை குறுக்கப்பட்டது, அதன் பின்னே சட்டத்தின் இருபுறமும் விரல் எட்டுவதற்காகச் செதுக்கி எடுக்கப்பட்டது. ஆக, கருவி பெரிதென்று முறையிட்டவை ஆண்களின் கைகளே. 'பெண்ணின் சிறிய கை' என்று பேசுவோர் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கென்றே பெயரிடப்பட்ட துப்பாக்கியும் பழையதுதான். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 'லேடிஸ்மித்' என்ற .22 ரிவால்வரை 1902 முதல் 1921 வரை செய்து விற்றது.

நம் நாட்டில் அந்த எண்ணம் துயரத்திலிருந்து பிறந்தது. 2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. அச்சமற்றவர் என்பது பொருள். மாண்ட பெண்ணுக்கு நாளேடுகள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயரின் நிழல் அதில் விழுகிறது. ஒரு விற்பனைப் பொருளின் மேல் அந்த நிழல் விழுந்தது நமக்கு உவப்பானதன்று. வெளியானபோது அதன் விலை 1,22,360 ரூபாய். அஞ்சி வாழும் பெண்களுள் எத்தனை பேருக்கு அது எட்டும்?

டைட்டேனியக் கலவையால் எடை 500 கிராமாகக் குறைந்தது. அதே தொழிற்சாலையின் பழைய.32 ரிவால்வர் 700 கிராம். மனைவிக்கென்று தேடும் கணவர்கள் இந்த எண்ணைக் கண்டு மகிழ்வர். ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது, எடை குறைந்த துப்பாக்கியே கையை வேகமாகப் பின்னுக்கு உதைக்கும். இங்கே அந்த வேகம் ஏறத்தாழ 1.4 மடங்கு. பைக்குள் சுமக்க எளிதானது சுடுவதற்கு எளிதாகிவிடாது. மெய்யாகப் பார்க்க வேண்டியவை வேறு: பிடியை முழுதாகப் பற்றியபின் சுட்டுவிரல் விசையை எட்டுகிறதா, சுத்தியைப் பின்னிழுக்காமல் விசையை மட்டும் அழுத்த வேண்டிய ஏறத்தாழ 5 கிலோ இழுவைக்கு அவ்விரல் ஈடுகொடுக்கிறதா என்பவை. பிஸ்டலானால் மேற்சட்டத்தைப் பின்னிழுக்கும் வலுவும் வேண்டும். ரிவால்வருக்கு அது தேவையில்லை. இவற்றையெல்லாம் கணவரின் கையை வைத்து அளக்க முடியுமா?

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அன்று. 2016ஆம் ஆண்டு விதிகளோ பாதுகாப்புப் பயிற்சியையும் வலியுறுத்துகின்றன. மனைவிக்கு வேண்டுமெனில் விண்ணப்பமும் பயிற்சியும் அவருடையவையாகவே இருக்க வேண்டும். வேண்டாமென்று சொல்வதும் அவர் உரிமையே.