விலைச் செய்தியின் உடைமை

சந்தையிலே பொருளுக்கு உடையவன் உண்டு. பணத்துக்கும் உடையவன் உண்டு. அவ்விரண்டும் கைமாறும்போது பிறக்கும் விலைக்கு உடையவன் யாவன்? சிறுபிள்ளை வினாப்போலத் தோன்றும் இது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்து வந்துள்ளது. இன்று வீட்டிலிருந்தவாறே கணினிக்கு விதிகளை வகுத்துக் கொடுத்து, அதன் வாயிலாகப் பங்குகளை வாங்கி விற்கும் தனியொருவன் இறுக்கும் கட்டணத்தின் வேரும் இவ்வினாவிலேயே உள்ளது.

1867ஆம் ஆண்டுக்கு முன்னர் நியூயோர்க்கிலே விலைச் செய்தி கால்நடையாகவே சென்றது. சந்தை மண்டபத்துக்கும் தரகர் அலுவலகங்களுக்குமிடையே சிறுவர் கடதாசித் துண்டுகளைச் சுமந்து ஓடினர். அவ்வாண்டில் எட்வேட் கலகன் அமைத்த 'டிக்கர்' என்னும் தந்திப் பொறி, ஒடுங்கிய கடதாசி நாடாவிற் பங்கின் குறியையும் விலையையும் அச்சிட்டு வெளிவிட்டது. எடிசன் பின்னர் அதனைச் செப்பஞ் செய்தார். மண்டபத்துள் நுழைய உரிமையற்றவனும் விலையை உடனுக்குடன் அறியும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

அறிந்தவுடன் பந்தயமும் தொடங்கிற்று. 'வாளிக்கடை' என இகழப்பட்ட சிறு கடைகள் நகரந்தோறும் முளைத்தன. அங்கே பங்கோ தானியமோ உண்மையிற் கைமாறுவதில்லை. நாடாவில் வரும் அடுத்த விலை ஏறுமா, இறங்குமா என்பதன்மீதே பணம் வைக்கப்பட்டது. போஸ்ரன் நகரத் தரகர் நிலையமொன்றிலே பலகையில் விலை எழுதிய சிறுவனான ஜெசி லிவர்மோர், எண்கள் அசையும் ஒழுங்கைக் கண்டறிந்து இக்கடைகளிற் பெருவெற்றி ஈட்டினான். கடைக்காரர் அவனை உள்ளே விட மறுத்தனர். அவனைத் தழுவி எட்வின் லெபெவர் 1923இல் வெளியிட்ட நூல் நுட்பமானதொரு செய்தியைக் கூறும். வாளிக்கடையில் நாடாவின் விலையே பேரத்தின் விலை. உண்மைச் சந்தையிலோ நாடா பிந்தியே வரும். ஆதலால் அங்கே வென்ற முறை இங்கே தோற்றது. விலையை அறிதல் வேறு, உரிய கணத்தில் அறிதல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

சிக்காகோ வர்த்தக சபையின் தானிய விலைகளே இக்கடைகளுக்குப் பெருந்தீனி. சபை அவற்றுக்கு விலைச் செய்தியை மறுக்க முற்பட்டபோது, இலினோய் மாநில உச்ச நீதிமன்று 1889இல் இடைமறித்தது. பொதுமக்கள் நம்பி வணிகம் நடத்தும் செய்தி பொதுநலன் சார்ந்தது; விலை கொடுப்போர் அனைவர்க்கும் வேறுபாடின்றி வழங்கப்படல் வேண்டும் என்பது அதன் முடிபு.

அந்நோக்கு நிலைக்கவில்லை. கன்சாஸ் நகர்க் கிறிஸ்ரி நிறுவனத்துக்கு எதிராகச் சபை தொடுத்த வழக்கில், 1905இல் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்று சபையின் பக்கமே நின்றது. சபையின் மண்டபத்தில் நடப்பதும் பெரும்பாலும் சூதே என்று எதிர்த்தரப்பு வாதித்தது. நீதிபதி ஹோம்ஸ் அதனை ஏற்றிலர். தன் உழைப்பாலும் செலவாலும் திரட்டிய செய்தியைத் தொழில் இரகசியம்போலக் காக்கும் உரிமை சபைக்கு உண்டு. ஒப்பந்தத்துக்குட்பட்டுப் பலர்க்கு அறிவித்தமையால் அவ்வுரிமை அழியாது என்றார். நீதிபதிகள் மூவர் மாறுபட்டனர். பந்தயக்காரனை விலக்கவே இவ்வேலி இடப்பட்டது என்பது மெய். ஆயினும் விலையை ஆக்குபவர் வாங்குவோரும் விற்போருமே; சபை அதனைக் குறித்துக்கொள்கின்றது. குறித்தவனுக்கு முழுவுடைமை தந்த இத்தீர்ப்பு, ஆக்கியவனை மறந்ததெனல் தகும்.

1975இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், பங்கு விலைச் செய்திக்குரிய கட்டணம் நேரியதாயிருத்தல் வேண்டுமெனவும், தகாத வேறுபாடு காட்டலாகாதெனவும் விதித்தது. ஆயினும் 2006இல் நியூயோர்க் பங்குச் சந்தை இலாப நோக்குடைய கம்பனியாக மாறியது. செய்தியை விற்றலும் வருவாய்த்துறையாயிற்று. சந்தையொன்றின் ஆழ்நிலை விலைச் செய்திக்கான கட்டணத்துக்கு ஒழுங்காணைக்குழு அளித்த ஒப்புதலை, போதிய சான்றில்லையென 2010இல் கொலம்பியா வட்டார மேன்முறையீட்டு மன்று நீக்கிற்று.

வேறுபாடுகளோ பெருகின. தன் சொந்தப் பணத்தைக் கையாளும் இயற்கை ஆள் தொழில்முறை சாராதவன் எனப்படுவான். ஒருங்கிணைந்த விலை நாடாவுக்கு அவனிடம் நீண்டகாலம் மாதம் ஒரு டொலர் அளவே அறவிடப்பட்டது. அவனே தன் பெயரிற் கம்பனியொன்றை அமைப்பின், பல மடங்கு கொடுக்கும் தொழில்முறையாளனாகக் கொள்ளப்படுதல் வழக்கு. 2010களில் மற்றொரு பிரிவும் புகுந்தது: கண் காணும் விலைக்கு ஒரு கட்டணம், திரையில் தோன்றாது பொறி உட்கொள்ளும் விலைக்கு வேறு கட்டணம். செய்தி ஒன்றே, அதனைக் கொண்டு என்ன செய்கின்றாய் என்னும் 1905ஆம் ஆண்டின் கேள்வியே மீண்டும் கேட்கப்படுகின்றது.

பொறி பெறும் செய்தியைப்போலப் பொறி இடும் கட்டளையும் விதிக்குட்பட்டதாகி வருகின்றது. இதற்கு இந்தியா அண்மைச் சான்று. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2025 பெப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனியொருவன் தானே ஆக்கிய நிரல், நொடிக்கு இத்துணைக் கட்டளைகள் என வகுக்கப்பட்ட எல்லையைக் கடப்பின், தரகர் வாயிலாகச் சந்தையிற் பதிவுசெய்யப்படல் வேண்டும். அந்நிரலை அவனும், அவன் மனைவியும், அவனைச் சார்ந்து வாழும் பிள்ளைகளும் பெற்றோரும் பயன்படுத்தலாம். அயலவனுக்கு அவ்வுரிமை இல்லை.