1217ஆம் ஆண்டுக் குறிப்பும் எண்பதாண்டுக் கணக்கும்

வடமகுட விண்மீன் குழுவின் டி கொரோனே போரியாலிஸ் 1866இலும் 1946இலும் வெடித்தது. இதில் எவருக்கும் ஐயமில்லை. ஜெர்மானிய ஊர்ஸ்பெர்க் மடத்துத் தலைவர் பர்க்கார்டின் காலவரிசை நூல் 1217 இலையுதிர் காலத்தில் குறிக்கும் வான அதிசயத்தையும் இவற்றோடு சேர்த்து, இம்மீன் எண்பது ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வெடிப்பது என்று நிறுவ முயல்வோர் உளர். அக்குறிப்பு இம்மீனைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. ஆனால் அது எண்பதாண்டுச் சுழற்சிக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பர்க்கார்டு கூறுவதன் சாரம் இது: மகுடத்தில் மங்கலாயிருந்த ஒரு மீன் சிலகாலம் பேரொளி வீசிப் பழைய மங்கலுக்கே திரும்பியது, உத்தரம் போன்ற ஒளிக்கதிர் ஒன்றும் மேலெழுந்து தோன்றியது, பல நாள் இக்காட்சி நீடித்தது. கதிரைக் கொண்டு இதனை வால்மீன் என்பர் சிலர். வால்மீன் நாளுக்கு நாள் இடம்பெயரும். ஒளி குன்றியபின் அதே இடத்தில் ஒரு மீனாக எஞ்சி நிற்காது. அவர் இதை நன்னிமித்தமாகக் கருதியதால் வால்மீன் அன்று என்னும் வாதத்துக்கு நான் அதிக எடை தரமாட்டேன். நிமித்தம் எழுதுவோர் மனப்போக்கைப் பொறுத்தது. உண்மையான தடை வேறு. அமைதி நிலையில் இம்மீனின் ஒளித்தரம் ஏறத்தாழ 10. வெறுங்கண்ணுக்கு எட்டுவது 6 வரைதான். அப்படியிருக்க, முன்பு மங்கலாகத் தெரிந்த மீன் எது? ஏறக்குறைய ஒரு பாகை தள்ளி நான்காம் தரத்து எப்சிலான் மீன் உள்ளது. கருவியில்லாத கண் இரண்டையும் ஒன்றாகக் கொண்டிருக்கலாம். 1842இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் குறித்த, இம்மீன் எனக் கருதப்பட்ட மீனே வேறொரு பக்கத்து மீன் எனப் பின்னர் தெளிவாகியது. 'பல நாள்' என்பதும் இயல்பே: உச்சத்தில் இரண்டாம் தரத்தை எட்டும் இந்நோவா ஏறத்தாழ ஒரு வாரத்தில் கண்ணுக்கு மறைகிறது. கதிர் மட்டும் விளக்கமின்றி நிற்கிறது. அதற்காக முழுக் குறிப்பையும் தள்ளுவது முறையன்று.

கணக்குக்கு வருவோம். 1217 முதல் 1866 வரை 649 ஆண்டுகள். எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 81. இப்பொருத்தம் பலரை ஈர்த்தது. ஆனால் எட்டு என்பது எங்கிருந்து வந்தது? எண்பதை முன்பே கருதிக்கொண்டதால் வந்தது. 76 முதல் 84 வரை எதையும் ஏற்றால், எட்டுச் சுழற்சிகள் 608 முதல் 672 வரையான 64 ஆண்டுகளை அடக்கும். அதாவது எண்பதில் அறுபத்து நான்கு பங்கு வாய்ப்புகளில் எந்த ஆண்டும் பொருந்தியிருக்கும். இம்மீனைச் சுட்டுவதாகக் கருதப்படும் 1787ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றை இடையில் வைப்பதாலும் முந்தைய 570 ஆண்டுகளின் நிலை தெளிவாகாது. இதே போல் செம்பெருமீனைத் துணையாகக் கொண்ட ஆர்.எஸ். ஒஃபியூக்கி 1958, 1967, 1985, 2006, 2021 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. இடைவெளிகள் 9 முதல் 21 வரை மாறுகின்றன. துணைமீனிலிருந்து வெண்குறுமீன்மீது விழும் பொருள் சேர்வதாலேயே இவ்வெடிப்புகள் நிகழ்கின்றன; அது விழும் வேகம் நிலையானதன்று என்பதால் இதில் வியப்பில்லை. டி கொரோனே போரியாலிஸ் வெடிக்குமென்று முன்கணித்த 2024உம் வெடிப்பின்றியே கழிந்தது. 1217ஆம் ஆண்டுக் குறிப்பை வெடிப்புப் பட்டியலில் கேள்விக்குறியோடு வைக்கலாம். சராசரி காணும் கணக்கில் அதற்கு இடமில்லை.