சேர்வராயன் மலை உச்சி: மரம் வளராத மண்ணின் கதை

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கும் இடங்களின் பட்டியல் எப்போதும் ஒன்றுதான். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கடைசியாக சேர்வராயன் கோயில். கோயில் இருப்பது மலையின் உச்சியில், ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில். அங்கே போகும் வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். ஆனால் உச்சியை நெருங்கியதும் மரங்கள் சட்டென்று நின்றுவிடும். கிரிக்கெட் மைதானம் போல ஒரு சமவெளி, அதில் புல், புல்லுக்கு அடியில் செங்கல் நிறத்தில் மண்!

யாரோ மரங்களை வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். மேய்ச்சல், தீ, உச்சியில் அடிக்கும் காற்று ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

உயர்ந்த மலைகளின் புல்வெளி மண் என்றால் புத்தகங்கள் சொல்வது கறுப்பு மண்ணைத்தான். குளிரில் இலையும் வேரும் மெதுவாகத்தான் மட்கும். மட்காமல் மிஞ்சுவது சேர்ந்து சேர்ந்து மண்ணைக் கறுப்பாக்கும். நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிகளில் இதைப் பார்க்கலாம். அங்குள்ள சதுப்புகளில் சேர்ந்த கரி மண்ணை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளாகப் பருவமழை எப்படி மாறியது என்று ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த மண் ஒரு நாட்குறிப்பு மாதிரி, வருடா வருடம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

சேர்வராயன் மலை அவ்வளவு உயரமும் இல்லை, அவ்வளவு குளிரும் இல்லை. இங்கே மண்ணில் எதுவும் சேரவில்லை. மாறாக, இருந்ததெல்லாம் கரைந்து போய், போகாதது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த மலையின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதை வைத்து தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். (அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பது இன்னொரு சுவாரஸ்யம்.) சேர்வராயன் மலையில் உள்ள சார்னோகைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இதில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் அலுமினியம், சிலிக்கா, பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் கலந்திருக்கும்.

மழை பெய்கிறது. சரிவில் பெய்த மழை வழிந்து ஓடிவிடும், ஓடும்போது மேலே உள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சரிவில் மண் எப்போதும் புதுசு. ஆனால் தட்டையான உச்சியில் பெய்த மழை நின்று, மெல்லக் கீழே இறங்கும். இறங்கும்போது முதலில் பொட்டாசியம், சோடியம், கால்சியம் போகும். மிஞ்சுவது வெள்ளைக் களிமண். இன்னும் பல லட்சம் ஆண்டுகள் கழுவினால் சிலிக்காவும் போய்விடும். அப்புறம் இருப்பது அலுமினியமும் இரும்பும்தான். இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அந்தச் சிவப்பு. அலுமினியம் அதிகமாக இருந்தால் அதற்குப் பெயர் பாக்சைட். இரும்பு அதிகமாக இருந்தால் லேட்டரைட், கேரளத்தில் வீடு கட்டும் செம்பூராங்கல். 1807-ல் வெளியான தன் பயண நூலில் ஃபிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்த கல்லுக்கு வைத்த பெயர்தான் லேட்டரைட்.

செடிக்கு வேண்டிய பொட்டாசியமும் கால்சியமும் கழுவப்பட்டுப் போன மண்ணில் என்ன வளரும்? கொஞ்சநஞ்சம் இருக்கும் பாஸ்பரஸையும் இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழே கல் போல இறுகிய அடுக்கு, வேர் இறங்காது. புல்லுக்கு இது போதும், பெரிய மரத்துக்குப் போதாது.

மலைவாசிகளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். சேர்வராயனில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சாமை, கேழ்வரகு விதைக்கும் நிலம் கீழே. உச்சியை அவர்கள் சாமிக்கு விட்டுவிட்டார்கள். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும்.

வெள்ளைக்காரர்களும் தோட்டம் போட்டது உச்சியில் அல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட்டில் தொடங்கிய காப்பி, ஆழமான மண்ணும் நிழலும் இருந்த சரிவுகளிலும் பள்ளங்களிலும்தான் பரவியது. ஆக 1820-லிருந்து இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல், ஒன்றுக்கும் உதவாத மண் என்ற தகுதியே அந்த உச்சியைக் காப்பாற்றியது.

அந்தக் காவல் முடிந்தது அலுமினியத்தால். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, பிறகு அங்கே நீர்மின்சாரமும் கிடைத்தது. அலுமினியம் எடுக்க மண்ணை விட மின்சாரம்தான் முக்கியம். ஒரு டன் உலோகத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட்டும் 14,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். ஒரு பக்கம் மேட்டூர் மின்சாரம், பக்கத்திலேயே சேர்வராயன் பாக்சைட். இரண்டையும் சேர்த்து மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) 1965-ல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் சுரங்கங்கள் வந்தன. பின்னாளில் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள்.

இதை வெறும் வில்லன் கதையாகச் சொல்வது நியாயமாகாது. அந்தக் காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு, கிராமங்களுக்கு மின்சாரம் போனது அலுமினியக் கம்பிகளில்தான். மேட்டூரில் பல குடும்பங்களுக்கு அந்த ஆலை சோறு போட்டது. ஆனால் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டுப் போனது. திறந்தவெளிச் சுரங்கத்தில் முதலில் வழித்து ஒதுக்குவது புல் வேர் பிடித்திருக்கும் அந்த மெல்லிய மேல்மண்ணைத்தான். ஒரு அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதற்குக் கீழே உள்ள பாக்சைட்டுக்கு ஆன காலம் லட்சக்கணக்கில். அதையும் எடுத்த பிறகு வெளியே தெரிவது அந்த வெள்ளைக் களிமண் அடுக்கு. முன்பு துளைகள் நிறைந்த கல் வழியாக மெதுவாக இறங்கிய மழைநீர், களிமண்ணில் அப்படி இறங்காது. மரம் நட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். ஆனால் அங்கே இருந்தது காடு அல்லவே, புல்வெளி! மரம் நட்டால் வருவது வேறு ஒன்று.

மால்கோவை 1995-ல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. 2008-ல் உலகச் சந்தையில் அலுமினியம் விலை பாதிக்கும் மேல் சரிந்தது. அதே ஆண்டில் மேட்டூர் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

இதே குழுமத்தின் வேதாந்தா ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க முயன்றது பலருக்கும் தெரியும். அங்கேயும் தட்டையான உச்சி, உச்சியில் சாமி, சாமியைக் கும்பிடும் டோங்கிரியா கோண்டு பழங்குடி. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013-ல் 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சேர்வராயன் மலையில் வெட்டத் தொடங்கிய 1960-களில் பழங்குடிக் கிராமங்களிடம் அப்படி ஒரு சம்மதம் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மலை உச்சி தரிசு என்ற கணக்கில்தான் இருந்தது.

வெட்டி எடுத்த மண் முழுக்க உலோகமாகிவிடவில்லை. பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்த பிறகு இரும்பெல்லாம் கழிவாக மிஞ்சும். அதற்குப் பெயர் செஞ்சேறு. காரம் ஏறிய அந்தச் சேற்றில் புல்லும் சுலபத்தில் முளைக்காது. சேர்வராயன் உச்சிக்கு நிறம் கொடுத்த இரும்பில் ஒரு பங்கு, இப்போது மேட்டூரில் அந்தச் செஞ்சேற்றுக் குவியலில் கிடக்கிறது.