பள்ளிக்கூடத்தைச் சோதித்தவர்கள்

பள்ளிக்கூடத்தை நடத்துகிற அரசாங்கமே அதன் தரத்தையும் சோதித்துச் சொல்லலாமா? எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் போன மாதம் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். 2020 தேசியக் கல்விக் கொள்கையில், பள்ளி நடத்தும் வேலையையும் தரம் பார்க்கும் வேலையையும் பிரிக்க வேண்டும், அதற்கு மாநிலந்தோறும் தனி ஆணையம் வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. நீதியரசர் முருகேசன் குழுவை 2022-ல் அமைத்து, 2025 ஆகஸ்ட் 8-ல் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஒரு நண்பர் "தனி ஆணையம் வந்தால் வாத்தியார்களைப் படுத்துவார்கள்" என்றார். இன்னொருவர் "இப்போது யார் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்?" என்றார். அரசியல் பேச எனக்குத் தெம்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் சீமையில் 150 வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் கணக்கெடுத்தவர் சர் தாமஸ் மன்றோ. 1822 ஜூனில், உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, என்ன சம்பளம் என்று எல்லாக் கலெக்டர்களையும் எழுதிக் கேட்டார். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் சேர்ந்தது; அங்கே கலெக்டர், மீனாட்சியம்மன் கோயில் கதையில் வரும் அதே ரௌஸ் பீட்டர். பதில்களையெல்லாம் கூட்டி 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வருகிறது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான் பெரும்பாலும். எண்ணிக்கை கிடைத்தது, பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பதை யாரும் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கவில்லை. மறுவருஷமே மன்றோ காலராவில் போய்விட்டார். அவர் ஆரம்பித்த கலெக்டர் பள்ளி, தாசில்தார் பள்ளி எல்லாம் பத்து வருஷத்தில் மூடப்பட்டன.

சோதனை என்பது முறையாக வந்தது 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கடிதத்துக்குப் பிறகு. மாகாணத்துக்கு ஒரு கல்வி இயக்குநர், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், தனியார் பள்ளிகளுக்கு மானியம் என்று அதில் ஏற்பாடு. சென்னைக்கு முதல் டைரக்டராக 1855-ல் அலெக்சாண்டர் அர்பத்நாட் வந்தார். 'டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற அந்தப் பதவியின் சுருக்கம்தான் 'டி.பி.ஐ.' நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கிற வளாகத்துக்கு 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயரை வைத்த பிறகும் நம் வயதுக்காரர்கள் வாயில் டி.பி.ஐ.தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்குப் பள்ளிகளில் பெரும்பகுதி சர்க்காருக்குச் சொந்தமில்லை. திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835 முதல் அமெரிக்க மதுரை மிஷன் இருந்தது, கத்தோலிக்கப் பாதிரிமார் பள்ளி இருந்தது, 1866-ல் நகராட்சி வந்தது, வடமதுரை, வேடசந்தூர் பக்கம் ஊருக்கு ஊர் திண்ணை வாத்தியார்கள். இவர்கள் நடத்தினார்கள், சர்க்கார் ஆள் வந்து பார்த்தார். அதாவது பார்த்தவர் வேறு, நடத்தியவர் வேறு. இன்றைக்கு 'சுதந்திரமான தணிக்கை' என்று சொல்கிறார்களே, அதன் ஒரு பாதி அன்றே இருந்தது.

மறு பாதியில்தான் கோளாறு. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி ஒரு விதி கொண்டுவந்தார். பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கில் தேறினால்தான் பள்ளிக்குப் பணம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த வழியைப் பின்பற்றி 1860-களிலேயே நம் மாகாணத்திலும் 'ரிசல்ட் கிராண்ட்' வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வகுப்பு வகுப்பாக ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்பார், தேறியவனுக்கு இவ்வளவு, தவறியவனுக்கு ஒன்றுமில்லை. வாத்தியாருடைய வருஷ வரும்படியே அந்த ஒரு நாளில் இருந்தது.

என் அம்மாவுடைய தாத்தா வடமதுரைக்குக் கிழக்கே ஒரு ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் வைத்திருந்தவர். அறுப்புக்கு அறுப்பு தானியமும் மாசம் பிறந்தால் ஒரணாவும்தான் வருமானம். கிராண்டுக்கு எழுதிக் கொடுத்த பிறகு அவர் பாடே மாறிவிட்டது என்று ஆச்சி சொல்லும். அதுவரை மணலில் எழுத்து, பிறகு ஆத்திசூடி, எண்சுவடி, நெல் அளவை, வட்டிக் கணக்கு என்று அவனவன் வேகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கிராண்ட் வந்ததும் அச்சடித்த வாசகப் புத்தகம், அதில் இன்ஸ்பெக்டர் கேட்கக்கூடிய பக்கங்கள், அவ்வளவுதான். 'இன்ஸ்பெட்டர் துரை' வரப்போகிறார் என்றால் இரண்டு மாசம் முன்னாலிருந்தே அந்தப் பக்கங்களைக் கூட்டமாகக் கத்துவார்களாம். மந்தமான பையன்களை அன்றைக்கு மாடு மேய்க்க அனுப்பிவிடுவது உண்டு என்றும் ஆச்சி சொல்லியிருக்கிறது. அவர் கெட்ட மனுஷர் இல்லை; வீட்டில் ஏழு வயிறு.

இங்கிலாந்திலும் இதே கதைதான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தப்பில்லாமல் 'வாசித்த' கதையை அங்கே சொல்வார்கள். மேத்யூ அர்னால்டு பெரிய கவி. 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். இந்த முறை பள்ளிக்கூடத்தை இயந்திரமாக்கிவிட்டது என்று தன் ஆய்வறிக்கையிலேயே எழுதினார். இயக்கத்துக்குள் இருந்துகொண்டே இப்படி எழுதுகிற இன்ஸ்பெக்டர் கிடைப்பது லேசில்லை. இந்தியாவில் 1904-ல் கர்சன் பிரபு காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அடுத்த இரண்டொரு வருஷத்தில் சென்னையிலும் ரிசல்ட் கிராண்ட் போயிற்று.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அப்பா புதுச்சேரிக்காரர், அம்மா இந்தப் பக்கம். பிரான்சில் 1802-லேயே நெப்போலியன் தலைமை இன்ஸ்பெக்டர்களை ஏற்படுத்திவிட்டார். 1835-ல் ஆரம்பப் பள்ளிக்கென்று தனி இன்ஸ்பெக்டர்கள். எங்கள் வகுப்புக்கு இன்ஸ்பெக்தேர் வந்தால் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் பாடம் நடத்துவதைக் கேட்பார். எங்களைவிட மெத்ர்தான் அதிகமாக வியர்ப்பார், ஏனென்றால் மார்க் அவருக்கு! இருபதுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஆரம்பப் படிப்பு முடிந்ததும் 'செர்த்திஃபிகா' பரீட்சை. அதைச் சொந்த வாத்தியார் நடத்த முடியாது, வெளியாட்கள்தான். திக்தே, அதாவது சொல்வதை எழுதுவதில், ஐந்து பெரிய தப்பு விழுந்தால் பூஜ்யம். அந்த ஐந்து தப்புக்குப் பயந்து நாங்கள் தமிழைக்கூடக் கவனமாக எழுதினோம். அது அபாரமான முறை என்று சொல்ல மாட்டேன். தேறமாட்டான் என்று தெரிந்த பையனைப் பரீட்சைக்கே அனுப்பாத மெத்ர் அங்கேயும் இருந்தார். என் ஆச்சியின் அப்பா செய்ததும் அதுதானே?

திண்டுக்கல் கதைக்கு வருகிறேன். 1911-ல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. 1920-ல் ஆரம்பக் கல்விச் சட்டம். எட்டாம் வகுப்பில் ஈ.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருப்பார்கள். கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கு 'டிப்டி இன்ஸ்பெக்டர்' வருவார். சைக்கிளில் வந்தவர்கள், மாட்டு வண்டியில் வந்தவர்கள், கோழிக்குழம்பு இருந்தால்தான் வந்தவர்கள் என்று பலவிதம் சொல்வார்கள். ஆனால் அவர் பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார், கணக்கு போடச் சொல்வார். அது நிச்சயம் நடந்தது.

நான் ஊராட்சி ஒன்றிய ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது ஆரம்பப் பள்ளிகள் ஒன்றியத்தின் கையில் இருந்தன. சம்பளம் கமிஷனர் ஆபீசில், பாடம் பார்ப்பது கல்வித் துறை ஆள். வாத்தியார் மாறுதல் என்றால் சேர்மன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கொடுமை ஒழியட்டும் என்றுதான் ஆசிரியர்கள் போராடினார்கள். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அவர்களுக்கு நியாயம் கிடைத்தது, எனக்கும் சந்தோஷம்தான். 1986-ல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககமும் வந்தது.

ஆனால் யாரும் பேசாத ஒன்று அப்போது நடந்தது. சம்பளப் பட்டியல் போடும் வேலை ஏ.இ.ஓ. ஆபீசுக்குப் போயிற்று. அதாவது எந்த அதிகாரி பள்ளியைச் சோதிக்க வேண்டுமோ, அவரே நூற்றுக்கணக்கான வாத்தியார்களுக்குச் சம்பளம், இன்கிரிமென்ட், பி.எஃப். கடன், சரண்டர் லீவு, பென்ஷன் எல்லாம் பார்க்கிறவர் ஆனார். மாசக் கடைசியில் பில் கருவூலத்தில் பாஸாகவில்லை என்றால் வாசலில் கூட்டம். இதில் எந்தப் பள்ளிக்குப் போய் எந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்வார்? ஆண்டாய்வு என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, பாடக்குறிப்பு, சத்துணவுக் கணக்கு எல்லாம் மேஜைமேல் அட்டை போட்டு அடுக்கியிருக்கும். பதிவேடு சரியாக இருந்தால் பள்ளி சரி. இது ஒரு தனி ஆளின் குற்றம் இல்லை. நடத்துகிறவர், சம்பளம் போடுகிறவர், சோதிக்கிறவர் மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்?

தணிக்கை என்றால் எங்களுக்கு லோக்கல் ஃபண்ட் ஆடிட். அவர்கள் வேறு துறை, நிதித் துறையைச் சேர்ந்தவர்கள், யாருக்கும் அடங்க மாட்டார்கள். ஒரு பள்ளியில் இரண்டு பெஞ்ச் குறைகிறது என்று ஒரு தணிக்கைத் தடை. அதற்கு மூன்று வருஷம் பதில் எழுதினேன். பெஞ்ச் உடைந்து விறகாகிவிட்டது, ஏலம் விட ஆணை இல்லை, அவ்வளவுதான் விஷயம். பதில் எழுதுவதற்காக ஒருநாள் நேரில் போனேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணைப் பலகையில் இருந்த வரியை வாசிக்கச் சொன்னேன். அது முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தது. பக்கத்துப் பையனும் அப்படியே. அடுத்த தணிக்கைக்கு வந்த ஆடிட்டரிடம் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். "சார், பெஞ்ச் எங்க வேலை. பிள்ளை எங்க வேலை இல்லை" என்றார். சரியான பதில்தான். யாருடைய வேலை என்று ஃபைலில் தேடினேன். அந்தப் பெண்ணைப் பற்றி எழுத ஒரு படிவம்கூட இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2005 முதல் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 'அசர்' என்று ஒரு ஆய்வு நடத்துகிறது. தன்னார்வலர்கள் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தை மேல்வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. நம் மாநிலத்து முடிவுகள் பெருமைப்படும்படி இல்லை. அரசாங்கமும் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வு 2017-லும் 2021-லும் நடந்தது. 2025 பிப்ரவரியில் நம் மாநிலமே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு ஓர் அடைவுத் தேர்வு நடத்தியது. அதை மாநிலத் திட்டக் குழு முன்னின்று செய்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அரசாங்கத்துக்குள்ளேயே ஆனாலும் பள்ளி நடத்துகிற துறைக்கு வெளியே ஒரு கை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று நம் அரசு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. வாங்கியது நல்லதுதான் என்பேன். பள்ளிக்கு வைக்க வேண்டிய பரீட்சையை பத்து வயசுப் பிள்ளைக்கு வைப்பது ரிசல்ட் கிராண்ட் காலத்துப் புத்தி. இங்கிலாந்தில் 1992-ல் 'ஆஃப்ஸ்டெட்' என்று தனி அமைப்பு வைத்தார்கள். ஒரு பள்ளிக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்பு. ஒரு தலைமை ஆசிரியை மனமுடைந்து உயிரை விட்ட பிறகு பெரிய கொந்தளிப்பாகி, 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றை வார்த்தைத் தீர்ப்பைக் கைவிட்டார்கள். தனி அமைப்பு வைத்துவிட்டால் எல்லாம் சரி என்று வாதாடும் என் நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

என் யோசனை கேட்டால், சோதிக்கிறவர் கையில் சம்பளப் பில்லும் இருக்கக் கூடாது, மாறுதலும் இருக்கக் கூடாது, மானியமும் இருக்கக் கூடாது. பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தாளை, 2009 சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறதே மேலாண்மைக் குழு, அங்கே பெற்றோர் முன்னால் தமிழில் வாசிக்க வேண்டும். ரூபாய்க் கணக்குக்கு லோக்கல் ஃபண்ட் ஆடிட் தைரியமாக எழுதுவதைப் போல, "ஐந்தாம் வகுப்பில் இத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை" என்று ஒருவர் தைரியமாக எழுத வேண்டும். பதில் சொல்லும்வரை அந்தத் தடை நிலுவையில் இருக்கட்டும்.

1985 செப்டம்பரில் நம் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தபோது பழைய ஃபைல்கள் பல அங்கேயே தங்கிவிட்டன, சில கரையான் வாய்க்குப் போயின. நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கம் டிப்டி இன்ஸ்பெக்டராகவோ ஏ.இ.ஓ.வாகவோ இருந்தவர்கள் வீட்டுப் பரணில் பழைய ஆய்வறிக்கை நகல் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். வந்து கையாலேயே நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன்.