எட்டு போட்டால் போதுமா?

எட்டு போட்டால் லைசென்ஸ் என்பது நமக்கெல்லாம் தெரியும். இன்னொரு எட்டும் இருந்தது தெரியுமா? லாரி, வேன், டாக்சி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதி (அதுவும் 8-ஆம் விதி, என்ன பொருத்தமோ!). ஜவ்வாது மலையில் படிப்பைப் பாதியில் விட்ட மலையாளிப் பழங்குடி (கேரளத்துக்காரர் அல்ல) இளைஞன், ஓட்டத் தெரிந்தும் வேன் டிரைவர் ஆக முடியாது. ஹரியானா அரசு தன் மேவாத் பகுதிக்காகக் கேட்ட பிறகு, 2019-ல் விதியை நீக்கினார்கள். சரியான முடிவு என்பேன்.

மலைக்குத் தேவையான பாடமே வேறு. குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி ஓரங்கட்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989 சாலை விதிகளிலேயே இது உண்டு. ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளும். எட்டு போடும் மைதானத்தில் ஏற்றம் ஏது?

2022 ஏப்ரல் 2-ல் இதே மலையில் கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பஸ் ஏறாத ஊர்க்காரர்கள் வேறு எதில் போவார்கள்?