இமையைத் திருப்பிப் பார்த்தவர்கள்

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. 1819-ல் ராயப்பேட்டையில் சிறிய அளவில் ஆரம்பித்து, பின்னால் எழும்பூருக்கு மாறியது. ஆசியாவிலேயே பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. அது சென்னைக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் எகிப்தில் ஆரம்பித்த ஓர் இமை நோயின் கதை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக 31 வருடம் இமைகளைத் திருப்பிப் பார்த்தே காலம் தள்ளியவன் என்பதால், இந்தக் கதை மேல் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படை எடுத்துப் போனார். அவரை விரட்ட 1801-ல் இங்கிலாந்துப் படை போய் இறங்கியது. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் கொட்டியது. பலர் பார்வை இழந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது நோயும் கூடவே திரும்பியது. ஒரே முகாம், ஒரே துண்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. பரவக் கேட்கவா வேண்டும்? அது ஒரே நோய் அல்ல, டிரக்கோமாவும் சீழ் பிடிக்கவைக்கும் வேறு கிருமிகளும் கலந்து வந்தது என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. அந்தப் பீதி அடங்காத சமயத்தில், 1805-ல், ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் கண்ணுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் பின்னாளில் மூர்ஃபீல்ட்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது. அங்கே பழகிய ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவர் கப்பலேறி வந்து ஆரம்பித்ததுதான் நம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி.

டிரக்கோமாவில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் மேல் இமையின் உள்பக்கம் மணல் மாதிரி வெளிறிய பொடிக் கொப்புளங்கள் வரும். வலி அதிகம் இருக்காது. கண் கொஞ்சம் சிவக்கும், பூளை தள்ளும், போய்விடும். மறுபடி வரும். ஈயும் அழுக்குத் துணியும் அம்மாவின் முந்தானையும் போதும். இப்படிப் பல தடவை வந்து ஆறினால் இமையின் உள்ளே தழும்பு விழும். தழும்பு சுருங்கச் சுருங்க இமை உள்பக்கமாக மடங்கும். அப்போது இமைமுடி கருவிழியை உரச ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் துடைப்பத்தால் கண்ணாடியைத் தேய்ப்பது போல. இருபது முப்பது வருடத்தில் கருவிழி வெளுத்துவிடும். நோய் பிடித்தது ஐந்து வயதில், பார்வை போவது நாற்பதில்.

இதைப் பழைய காலத்து மனிதர்களும் கவனித்திருக்கிறார்கள். சுசுருதர் எண்ணிச் சொன்ன 76 கண் நோய்களில் 21 இமை நோய்கள். முடி உள்ளே திரும்பினால் இமைத்தோலில் வாற்கோதுமை வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மயிரிழையால் தைக்கச் சொல்கிறார். முறைகள் மாறினாலும், மடங்கிய இமையை வெளியே திருப்பித் தைப்பது என்ற நோக்கம் இன்றும் அதேதான். கிரேக்கர்களும் நம்மவர்களும் இமையின் உள்பக்கத்தைச் சுரண்டினார்கள். பின்னால் வந்தவர்கள் மயில்துத்தக் கட்டியை அங்கே தேய்த்தார்கள். நினைத்தாலே எனக்குக் கண் எரிகிறது. பல நூற்றாண்டுகள் அதுதான் வைத்தியம்.

இமையைத் திருப்புவதை வைத்தே மனிதர்களைப் பிரித்த இடமும் ஒன்று உண்டு: நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு. 1897-ல் அமெரிக்கா டிரக்கோமாவை ஆபத்தான தொற்று நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழை ஜனங்களை வரிசையில் நிற்கவைத்து, விரலாலோ, பூட்ஸ் பொத்தான் மாட்டுகிற கொக்கியாலோ இமையைத் திருப்பிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டால் சட்டையில் சாக்பீஸால் எழுத்து. உறுதியானால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். 1903 முதல், இப்படிப்பட்ட நோயாளியைக் கூட்டி வந்த கப்பல் கம்பெனிக்கு 100 டாலர் அபராதம். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் இருந்தால், தாய் கூடத் திரும்புவதா, மற்ற பிள்ளைகளோடு இருப்பதா என்று அந்த வரிசையிலேயே முடிவு செய்ய வேண்டும். அதே கொக்கி எத்தனை பேர் கண்ணில் பட்டதோ!

கிருமி எது என்பது பிடிபடவே இல்லை. 1907-ல் ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டாட்டர், ப்ரோவாசெக் என்ற இருவர் நோயாளிகளின் இமையைச் சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான் குரங்கின் கண்ணில் வைத்துப் பார்த்து, செல்லுக்குள் புள்ளிக் கூட்டங்களைக் கண்டார்கள். வளர்த்துக் காட்ட முடியவில்லை. அதைச் செய்தவர் தாங் ஃபெய்ஃபான் என்ற சீனர். டிரக்கோமா கிருமியை ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றும் செய்யாது, கூட வரும் மற்ற கிருமிகள் பல சாகும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கோழி முட்டைக் கருவில் அதை வளர்த்து 1957-ல் வெளியிட்டார். அதுதான் காரணம் என்று நிரூபிக்க, 1958 தொடக்கத்தில் தன் கண் ஒன்றிலேயே அதை விட்டுக்கொண்டார். நோய் வந்தது. மருந்து போடாமல் 40 நாள் பொறுத்துக் குறித்துக்கொண்டார். அதே வருடம் செப்டம்பரில், அரசியல் பிரச்சாரத்தில் சிக்க வைக்கப்பட்டு, அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். எங்கள் பயிற்சிப் பாடத்தில் கிருமியின் பெயர் இருந்தது. இவர் பெயர் இல்லை. எனக்கு இன்னும் அந்த ஆற்றாமை உண்டு.

நம் நாட்டில் 1963-ல் டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்தது. பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத் பக்கம்தான் நோய் கடுமை. டெட்ராசைக்ளின் கண் களிம்பு, பின்னால் அசித்ரோமைசின், கூடவே முகம் கழுவத் தண்ணீர், கழிப்பறை. 2024 அக்டோபரில், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து டிரக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தென்கிழக்கு ஆசியப் பிரிவில் நேபாளம், மியான்மருக்கு அடுத்து நாம் மூன்றாவது.

நான் வேலை பார்த்த தெற்கத்திக் கிராமங்களில் வேறு தொல்லைகள்தான் அதிகம். "ஆச்சி, கால் பெருவிரலைப் பாருங்க" என்பேன். அவர் கீழே பார்க்கும்போது இமைமுடியைப் பிடித்து லேசாக இழுத்து, இமை மேல் ஒரு குச்சியை வைத்து அழுத்தினால் இமை புரண்டுவிடும். நெல் உமி ஒட்டியிருக்கும், தூசி இருக்கும். கண்கட்டி என்றால் இமை ஓரத்திலேயே தெரியும். வெந்நீர்த் துணி ஒத்தடம் ஒரு நாளைக்கு நாலு தடவை, பிதுக்கக் கூடாது, பெரும்பாலும் அவ்வளவுதான் வைத்தியம். கண் சிவந்து நீராக ஒழுகி, காதுக்கு முன்னால் சின்னக் கட்டியும் தட்டுப்பட்டால் பெரும்பாலும் நம் ஊர்ப் பெயர் தாங்கிய மெட்ராஸ் ஐ. வைரஸ், ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும். தனித் துண்டு, அடிக்கடி கை கழுவுதல் முக்கியம். பக்கத்து மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று குறையும், கருவிழிக்கு ஆபத்து கூடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடவேண்டாம். வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டர்.

ஒழிந்த நோய்க்கும் தழும்பு மிச்சமிருக்கிறது. சின்ன வயதில் டிரக்கோமா வந்தவர்களுக்கு இனிமேலும் முடி உள்ளே திரும்பும். வயதான இமை தளர்ந்தும், ரொம்ப நாள் இமை ஓரம் புண்ணாகிச் செதில் கட்டியும்கூட அப்படி ஆவதுண்டு. அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. முள் எடுக்கும் சாமணத்தால் தாங்களே முடியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அது ஒன்றிரண்டு மாதத்தில் குச்சி குச்சியாக முளைத்து முன்பைவிட அதிகமாகக் குத்தும். இமையைத் திருப்பித் தைக்கும் அறுவை சிகிச்சைக்கு மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கண்ணாடி முன்னால் சாமணத்தோடு உட்கார்ந்திருந்தால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.